தோட்டத்தில் பிடித்த டீகே பழுப்புப் பாம்பு, ஆறு நாளாகச் சாப்பிடவில்லை

கொல்லைப்புறம் எழுதியது:

பென்சில்வேனியா, ஆலன்டவுன் பக்கம். போன வாரம், ஜூலை நடுவில், வேலியோரக் கல்லைப் புரட்டியபோது கிடைத்த பாம்பு. நீளம் சுமார் 25 செ.மீ., பருமன் பென்சில் அளவு. பழுப்பு உடம்பு. முதுகில் வெளிறிய பட்டை, அதன் இரு ஓரத்திலும் வரிசையாகக் கரும்புள்ளி. கண்ணுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கீற்று. தொட்டால் செதில் சொரசொரப்பு. டீகே பழுப்புப் பாம்பு என்று நினைக்கிறேன், சரிதானா?

பழைய 10 காலன் மீன்தொட்டியில் வைத்திருக்கிறேன். உள்ளே ஆஸ்பென் மரச்சீவல், ஒரு தண்ணீர்க் கிண்ணம். தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. மேலே வலைமூடி. கடையில் வாங்கிய குட்டிக் கிரிக்கெட் பூச்சிகளைப் போட்டேன், தொடவே இல்லை. ஒன்பது வயது மகளுக்கு இதை வளர்க்க ஆசை. சாப்பிட வைப்பது எப்படி? லைசென்ஸ் வேண்டுமா? குளிர்காலத்தில் என்ன செய்வது?

ஈரமண் எழுதியது:

நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் டீகேதான். வயிற்றை மட்டும் ஒருமுறை பாருங்கள். வெளிறிய பழுப்போ இளஞ்சிவப்போ இருந்தால் டீகே, பளிச்சென்று செம்மையாக இருந்தால் அதன் பங்காளியான செவ்வயிற்றுப் பாம்பு. அது டீகேயை விடப் பிடிவாதம், ஓடில்லா நத்தையைத் தவிர வேறெதையும் தொடாத ஆள்கள் அதில் நிறைய. செதில் வழவழப்பாகக் கழுத்தில் மஞ்சள் வளையம் இருந்தால் அது ரிங்நெக் என்ற வேறு பாம்பு. ஆனால் புதிதாகப் பிறந்த டீகேக் குட்டிக்கும் கழுத்தில் வெளிறிய வளையம் உண்டு, அதனால் குட்டிகளில் வளையத்தை நம்பாமல் செதிலைத் தடவிப் பார்க்க வேண்டும்.

முதலில் கிரிக்கெட்டை எல்லாம் வெளியே எடுங்கள், இன்றைக்கே. டீகேயின் சாப்பாடு மண்புழுவும் நத்தையும். கிரிக்கெட்டை அது இரையாகவே பார்க்காது. பசித்த கிரிக்கெட்தான் ராத்திரியில் பாம்பின் செதிலைக் கடித்துப் புண்ணாக்கும்.

அடுத்து ஹீட் மேட்டைக் கழற்றுங்கள். வெயில் மேலிருந்து வரும், சூடு தாங்காவிட்டால் மண்ணுக்குள் இறங்கினால் குளிரும், இதுதான் இந்தப் பாம்புக்குத் தெரிந்த உலகம். உங்கள் தொட்டியிலோ அடுப்பு கீழே இருக்கிறது. தப்பிக்க இறங்க இறங்க வயிறு வேகும். வீட்டுக்குள் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் இதற்குத் தனியாகச் சூடே வேண்டாம். வீடு அதைவிடக் குளிர்ந்தால், ஒரு மூலையில் மேலிருந்து 25 வாட் பல்பு, பகலில் மட்டும். அந்த மூலையின் மண் மேற்பரப்பு 27-ஐத் தாண்டக் கூடாது. 30-க்கு மேல் போனால் ஆபத்து. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்கவே வைக்காதீர்கள், கண்ணாடித் தொட்டி சீக்கிரமே அடுப்பாகிவிடும்.

மரச்சீவல் சோளப்பாம்புக்குச் சரி, இதற்கு ஆகாது. டீகே ஈர மண்ணில் வாழ்வது. காய்ந்த சீவலில் சட்டை துண்டுதுண்டாக உரியும், வால் நுனியிலும் கண்மேலும் பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். சீவலை நனைத்தாலோ பூசணம். 10 காலன் தொட்டியின் அடிப்பரப்பு ஏறக்குறைய 50 × 25 செ.மீ. அதில் 6 செ.மீ. உயரத்துக்கு மண் போட எட்டு லிட்டர் போதும். உரமும் பெர்லைட்டும் (தொட்டிமண்ணில் கலக்கும் வெள்ளைக் குருணை) கலக்காத மேல்மண் 5 லிட்டர், தேங்காய்நார்த் துகள் 3 லிட்டர். மேலே ஒரு கை இலைச்சருகு, இரண்டு மரப்பட்டை. ஈரப்பதம் கொழுக்கட்டை மாவு மாதிரி: பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. ஒரு பாதியை மட்டும் அப்படி வையுங்கள், மறுபாதி சற்றுக் காய்ந்தே இருக்கட்டும். எங்கும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வந்து அழுகும்.

வலைமூடிக்கு நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள். பென்சில் நுழையும் சந்து இருந்தால் பாம்பும் நுழையும். தப்பிப்பது பெரும்பாலும் மூடியின் மூலை வழியாகவோ பல்பு ஒயர் போகும் ஓட்டை வழியாகவோதான்.

இனிச் சாப்பாடு. தூண்டில் கடையில் நைட்கிராலர் (பெரிய மண்புழு) டப்பா வாங்குங்கள். மண்புழு உரத்துக்கு விற்கும் ரெட் விக்லர் வேண்டாம். அதன் உடம்பில் சிவப்பும் வெளிறலுமாக வளையம் வளையமாக இருக்கும், சீண்டினால் மஞ்சளாக ஒரு நாற்ற நீர் விடும். தின்ற பாம்பு வாந்தி எடுக்கும், சமயத்தில் செத்தும் போகும். நைட்கிராலர் முழுசாக உங்கள் பாம்புக்குப் பெரிது. கழுவி, 2 செ.மீ. துண்டாக வெட்டி, துடிக்கிற துண்டுகளாக இரண்டை ஒரு பாட்டில் மூடியில் வைத்து, இருட்டும் நேரத்தில் உள்ளே வைத்துவிட்டு அறை விளக்கை அணையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், பார்த்தால் தின்னாது. காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், வெட்டிய புழு அரை நாளில் நாறும்.

தொடவில்லை என்றால் ஒரு தந்திரம்: தோட்டத்து ஓடில்லா நத்தையின் வழவழப்பை அந்தத் துண்டின்மேல் தேய்த்து வையுங்கள். நத்தைக்கொல்லி மருந்து தெளித்த தோட்டம் என்றால் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் தெளித்திருந்தாலும் வேண்டாம்.

பழகியபின் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மூன்று துண்டு. மண்புழுவில் கால்சியம் குறைவு, அதனால் ஒன்றுவிட்டு ஒரு தடவை பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியை லேசாகத் தூவுங்கள். வெள்ளையாகப் பூசினால் வாசனை மாறி ஒதுக்கிவிடும்.

சருகு எழுதியது:

ஈரமண் சொன்னதில் எனக்கு மறுப்பு ஒன்றுதான். காட்டிலிருந்து வந்த பாம்பை நேராக மண்ணில் விட்டால் அது என்ன கழிகிறது, மைட் (தோலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் சிறு உண்ணி) இருக்கிறதா, எதுவும் தெரியாது. நத்தையும் மண்புழுவும் தின்கிற பாம்பு உள்ளே ஒட்டுண்ணிப் புழு இல்லாமல் வருவது அபூர்வம். வெளியே இருக்கும்போது அது ஒரு தொல்லையில்லை. பெட்டிக்குள் அடைபட்டு, பயந்து, சாப்பாடும் குறைந்தால் அதே புழு பெருகிப் பாம்பைச் சாய்க்கும். முதல் 30 நாளாவது வெள்ளைப் பேப்பர் டவல் விரிப்பில் வைக்க வேண்டும். காய்ந்துவிடும் என்ற பயம் நியாயம்தான், அதற்கு ஈர ஸ்பாக்னம் பாசி நிரப்பிய சின்ன டப்பாவில் விரல் நுழையும் ஓட்டை போட்டு உள்ளே வையுங்கள். நாள் முழுக்க அதற்குள்ளேதான் இருக்கும்.

மூக்கிலும் முகத்திலும் பொருக்கு, செதில் தடித்து மஞ்சளாதல் இருந்தால் அது பூஞ்சை நோயாக இருக்கலாம். அந்தப் பாம்பைத் தொட்ட கையோடு வேறு பாம்பைத் தொடாதீர்கள்.

0.1 கிராம் துல்லியத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், தெர்மோஸ்டாட்டை விட அதுதான் முக்கியம். மூடிய டப்பாவில் போட்டு வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். 6 கிராம் பாம்பு 5.4-க்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குமேல் தந்திரம் எதுவும் வேண்டாம், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். குடற்புழு மருந்தை இணையத்தில் பார்த்து நீங்களே கொடுக்காதீர்கள். 6 கிராம் உடம்புக்கு அளவில் ஒரு துளி கூடினாலே விஷம்.

சட்டம்: பென்சில்வேனியாவில் பாம்பு, தவளை எல்லாம் மீன் மற்றும் படகு ஆணையத்தின் கீழ் வருகின்றன. 16 வயது நிரம்பியவர் பிடிக்க மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். டீகே மாதிரிச் சாதாரண இனங்களில் நாளுக்கு ஒன்று, கைவசம் ஒன்று, அவ்வளவுதான். விற்கக் கூடாது. பக்கத்து மாநிலத்தில் விதி வேறு, அதனால் நியூ ஜெர்சி நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கல்லைப் புரட்டக் கிளம்ப வேண்டாம்.

இந்த "ஒன்று"தான் உங்களுக்குச் சிக்கல் ஆகலாம். ஜூலையில் கிடைத்த டீகே பெண்ணாக இருந்தால் சினையாக இருக்க நல்ல வாய்ப்பு. இது முட்டையிடாது, குட்டி போடும். ஜூலை கடைசி முதல் செப்டம்பர் ஆரம்பம் வரை, ஒரு ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டி சாதாரணம், அதற்கு மேலும் போடும். ஒவ்வொன்றும் 7 முதல் 11 செ.மீ., தடித்த நூல் மாதிரி. வலைமூடி அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. உடம்பின் பின்பாதி உப்பி, செதில்களுக்கு இடையே தோல் தெரிகிறதா, வாலுக்குச் சற்று முன்னால் திடீரென்று ஒல்லியாகிறதா என்று பாருங்கள்.

கொல்லைப்புறம் எழுதியது:

மிக்க நன்றி. கிரிக்கெட், மேட் இரண்டையும் எடுத்தாயிற்று. நைட்கிராலர் துண்டு, நத்தை வழவழப்புத் தேய்த்தது, நேற்று ராத்திரி ஒன்று காணோம். எடை 6.2 கிராம். வயிறு வெளிறிய இளஞ்சிவப்பு. பின்பாதி சருகு சொன்ன மாதிரியே உப்பித்தான் இருக்கிறது, தோல் தெரிகிறது. ஒரு துண்டு தின்றதால் அப்படி இருக்குமோ?

சருகு எழுதியது:

தின்றது ஒரே இடத்தில் கட்டியாகத் தெரியும். நீளவாக்கில் பாதி உடம்பு உப்பினால் சினைதான். இந்த வாரமே விட்டுவிடுங்கள். குட்டி போட்டபின் தாயை வைத்துக்கொண்டு குட்டிகளை விடலாம் என்று தோன்றும். அடைத்து வைத்த தாய் செத்த குட்டி போடுவதும் முட்டைக்கருவாகவே வெளித்தள்ளுவதும் உண்டு. உயிரோடு வந்த குட்டிக்கும் அரை செ.மீ. புழுத் துண்டும் புதிதாகப் பிறந்த நத்தையும் தேடி மாளாது.

தென்காசிக்காரன் எழுதியது:

அண்ணே, நடுவுல ஒரு கேள்வி. எங்க வீட்டுச் சுவத்துல பல்லி பிடிக்க அடிக்கடி வெள்ளிக்கோல் வரையன் வருது. விஷமில்லாததுதானே, ஒரு முழங்கூட இல்ல. இதே மாதிரி தொட்டியில வெச்சு வளக்கலாமா? அமெரிக்காவுல மட்டும் முடியுமா என்ன?

ஈரமண் எழுதியது:

முடியாது தம்பி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைக்க இடம் தராது. இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக்கூட விஷம் எடுக்க அரசு அனுமதி உண்டே தவிர, எடுத்தபின் பாம்பைத் திரும்ப விட்டாக வேண்டும்.

சட்டத்தை விடு. நீ சொல்கிற பாம்பைத்தான் கட்டுவிரியனோடு ஆளாளுக்குக் குழப்பிக்கொள்கிறார்கள், அதுவும் குட்டியில். வரையனுக்குப் பட்டை கழுத்திலேயே ஆரம்பித்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, பின்னால் போகப்போகத் தெளிவாகும், பெரும்பாலும் இரண்டிரண்டு கோடாக. கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசைச் செதில் மட்டும் பெரிதாக அறுகோணமாக இருக்கும், வரையனுக்கு எல்லாம் ஒரே அளவு. ஆனால் இதெல்லாம் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு, கையில் எடுத்துப் பார்ப்பதற்கு அல்ல. கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்கவே வலிக்காது, தூக்கத்தில் கடிபட்டவர் மூச்சுத் திணறித்தான் எழுவார். பல்லி இருக்கிற சுவருக்கு வரையன் வரத்தான் செய்யும். கதவிடுக்கில் ரப்பர் பட்டை அடி, பாயில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகு. உள்ளே வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் போடு.

கொல்லைப்புறம் எழுதியது:

விட்டுவிடுவது என்று முடிவு. எப்படி விடுவது? மகளுக்குத் திரும்பப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

ஈரமண் எழுதியது:

பிடித்த அதே கல்லுக்குப் பக்கத்தில், சாயங்காலம், மழை பெய்து மண் நனைந்திருக்கும் நாளில். இரண்டு தெரு தள்ளியுள்ள பூங்கா நல்ல இடம் என்று தோன்றும், ஆனால் இதற்குத் தன் கல், தன் குளிர்கால வளை எல்லாம் அந்த வேலியோரத்தில்தான். பிடித்து இரண்டு வாரத்துக்குள் என்பதாலும், உங்கள் வீட்டில் வேறு ஊர்வன இல்லை என்பதாலும் இது எளிது. வேறு பாம்போ ஆமையோ இருக்கும் வீட்டில் வைத்திருந்தால் நோய் வெளியே போகும், அப்போது ஆணையத்தைக் கேட்காமல் விடக் கூடாது. தொட்டியையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், சால்மொனெல்லா கிருமி இருக்கும். மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

திரும்பப் பார்க்க: 60 செ.மீ. சதுர பிளைவுட் பலகை ஒன்றை அந்த வேலியோரம் புல்லை வெட்டி, மண்ணோடு ஒட்டப் போடுங்கள். மருந்து ஊறிய பலகை வேண்டாம். சில வாரத்தில் அடியில் புழுவும் நத்தையும் சேரும், பின்னாலேயே டீகே வரும். வாரம் ஒருமுறை காலையில் தூக்கிப் பார்த்தால் போதும், தினமும் தூக்கினால் ஈரம் போய்விடும். உங்கள் மாநிலத்தில் காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பும் உண்டு, அதனால் விரலை அடியில் விடாமல் புல்வாரியால் தூக்குங்கள், திறப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி. மூடும்போது பாம்பின்மேல் பலகையைப் போட்டுவிடாதீர்கள். முதலில் அதை ஓரத்துக்கு நகர்த்தி, பலகையைக் கீழே வைத்துவிட்டு, பிறகு விளிம்பில் விடுங்கள். தானாக உள்ளே போய்விடும்.