"தாத்தா, டீ ஆறுது" சொன்ன அக்காவைச் சந்தித்தது

எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், அப்போது ஒரே டிவி, அதுவும் பெரியப்பா காம்பராவில். கறுப்பு வெள்ளை, கார் பேட்டரியில் ஓடும். பேட்டரியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குத் தூக்கிப்போக வேண்டும் என்பதால், அந்த நாடகம் வரும் நாளைத் தவிர மற்ற நாளில் பெரியப்பா டிவியைத் தொடவே விடமாட்டார். முன்பல் விழுந்த ஒரு பிள்ளை அதில் ஓடிவந்து "தாத்தா, டீ ஆறுது" என்று கத்தும். லயமே சிரிக்கும்.

போன வருடம் ஹட்டனில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பி கடைக்கு, நல்ல மழையில், ஒரு அக்கா ஃபைலோடு வந்தார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழைய பத்திரிகைத் துண்டும் வெளியே வந்தது, மடிப்பில் கிழிந்து, ஒட்டியிருந்த டேப்பும் மஞ்சளாகி. அதே பல்லில்லாத சிரிப்பு. யோசிக்காமல் "தாத்தா, டீ ஆறுது" என்று சொல்லித் தொலைத்தேன்.

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க தம்பி" என்றார். சிரித்தார்தான், ஆனால் விருந்தாளிக்குச் சிரிப்பதுபோல.

மழை விடவில்லை, பிளேன்டி வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை நடித்தாராம். அப்பாவோடும் மாமாவோடும் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், காலையில் ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு ஷூட்டிங். அப்புறம் வளர்ந்துவிட்டார், யாரும் கூப்பிடவில்லை. தோட்டத்துப் பள்ளியில் "நடிகை வாறா" என்று கிண்டல். இப்போது முன்பள்ளி டீச்சர், சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நடிப்பு நின்றதில் அவருக்குக் கவலையே இல்லை. உறுத்துவது அந்தச் சம்பளக் கவர்தான். ஒவ்வொரு முறையும் கூட வந்த மாமா கையில்தான் கொடுப்பார்களாம், உள்ளே எவ்வளவு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அன்று இரவு இதைப்பற்றித் தேடியபோதுதான் ஜாக்கி கூகன் கதை கிடைத்தது. 1921இல் சாப்ளினோடு நடித்த அந்தச் சின்னப் பையன், லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தவர். பெரியவனாகிக் கேட்டால் தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். 1938இல் தாய் மேலேயே வழக்குப் போட்டார். அதனால்தான் 1939இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இப்போது அங்கே பிள்ளை நடிகர்களின் வருமானத்தில் 15 வீதத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். அவர் 1964இல் டிவி தொடர் ஒன்றில் மொட்டைத் தலையோடு மறுபடி வந்து சிரிக்க வைத்தார், அது வேறு கதை.

அடுத்த வாரம் அக்கா வந்தபோது சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"வழக்குப் போட்டு அவருக்கு எவ்வளவு கெடச்சிச்சு?"

"ஒரு லட்சத்து 26 ஆயிரம் டாலர்."

"ம்ம்... எனக்கு அந்த 26 இருந்தாலே போதும்." இந்த முறை நன்றாகவே சிரித்தார்.

பிறகு ஃபைலைத் திறந்து அந்தப் பத்திரிகைத் துண்டை அவரே மேசையில் வைத்தார். "ரெண்டு கொப்பி எடுங்க. கறுப்பு வெள்ளைதானே, கலருக்குக் காசு போட்றாதீங்க."