சாட்டைச் சிலந்தியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலைநடையன்: கொல்லிமலைப் பக்கம் ஒரு பாறை இடுக்கில், இரவில், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தது. எட்டுக் கால்களில், சாட்டைபோல நீண்ட முன்னிரண்டை நடக்கப் பயன்படுத்தவே இல்லை. அந்த மெல்லிய சாட்டைகளில் ஒன்று மெதுவாக நீண்டுவந்து, என் செருப்பு வாரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. உடன் வந்தவர், "கொட்டினால் ஆள் அவ்வளவுதான்" என்று பத்தடி தள்ளி நின்றார். கொட்டக் கொடுக்கும் இல்லை, கடிக்க நஞ்சும் இல்லை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? நான் எடுத்த படத்தில் ஒரு சாட்டை மட்டும் குட்டையாக இருக்கிறது, பாருங்கள். புதிய இனமாக இருக்குமோ?

முள்ளெண்ணி: அண்ணா, அருமையான படம். ஆனால் குட்டைச் சாட்டை இனத்தின் அடையாளம் அல்ல. அறுந்துபோனால் தோலுரிக்கும்போது மறுபடி வளரும். நீளமும் கணுக்களின் எண்ணிக்கையும் பழையபடி அமையாமல் போகலாம். ஆய்வகத்தில் நான் இவற்றோடுதான் மல்லுக்கட்டுகிறேன். எத்தனாலில் ஊறிய உடலை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இரை பிடிக்கும் முன்கைகளில் கணுக் கணுவாக முட்களை எண்ண வேண்டும். எது நீளம், எதன் அடியில் சிறுமுள் கிளைக்கிறது என்று வரையவும் வேண்டும். சாரினஸ் என்ற சாட்டைச் சிலந்திப் பேரினத்தில் பெண்ணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் பல நேரம் தீர்ப்புச் சொல்லும். அதைப் படத்தில் எங்கே தேடுவது?

பிறகு பழைய ஏடுகள். கீழைநாட்டு இனங்களைப் பற்றி கிரேவ்லி 1915-இல் எழுதியதை இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது. (பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய அதே கிரேவ்லிதான்.) மூல மாதிரிகளோடு (ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது சான்றாகப் பாதுகாத்த உடல்களோடு) ஒப்பிடாமல் வைக்கும் பெயர் நிலைக்காது. பிரேசிலின் அமேசான் காட்டைச் சேர்ந்த எட்டுப் புதிய சாரினஸ் இனங்களை 2016-இல் ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ரியோ தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்து, அங்கிருந்த சிலந்தி வகைகளின் தொகுப்பு சாம்பலானது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மாத்தளைக்காரி: தம்பி, எங்கள் கிணற்றடிச் சுவரில் இருப்பது ஃபிரினிக்கஸ் செய்லோனிகஸ் என்ற இனம் என்றுதான் நினைக்கிறேன், அதற்கு 1843-இலேயே பெயர் வைத்தாயிற்று. போன மாதம் தாய் ஒன்று முதுகு நிறைய வெளிறிய குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தது. படம் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து குச்சியால் கிளறாதீர்கள். முதல் தோலுரிப்புக்கு முன் கீழே விழும் குஞ்சு தப்புவது அரிது.