புதுக் குடியிருப்பிலிருந்து புகார்: பழைய சாப்பாட்டுக் கடையின் புகைக்குழாய் வாடையும் கிரைண்டர் சத்தமும்

கடைவீடு_பின்சந்து:

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் (கீழே கடை, மேலே வீடாக, வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய கட்டடம்) கீழ்த்தளத்தில் நடக்கும் சாப்பாட்டுக் கடை பற்றிய கேள்வி. 30 ஆண்டுக்கு மேலாக அதே இடம், அதே அடுப்பு வரிசை, அதே நேரம். பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு மாடிக் கட்டடத்தை இடித்துவிட்டு எட்டு மாடிக் குடியிருப்பு எழுப்பியிருக்கிறார்கள். ஆட்கள் குடிவந்ததிலிருந்து மூன்று புகார்: மிளகாய் வறுக்கும் நெடி, நாள் முழுக்க எண்ணெய் வாடை, விடியற்காலை 4 மணிக்குக் கரகரவென்று ஒரு சத்தம். குடியிருப்பின் நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதமும் வந்துவிட்டது.

புகைக்குழாய் பின்சுவரில் ஏறி, கூரைக்கு ஒரு மீட்டர் மேலே முடிகிறது. உச்சியில் மழை மூடி. ஹூட்டில் (அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டு) தகட்டு வடிகட்டி மட்டும்தான், ஈஎஸ்பி (மின்னூட்டத்தால் எண்ணெய்த் துகளைப் பிடிக்கும் கருவி) இல்லை. 10 லிட்டர் கல் கிரைண்டர் பக்கத்துக் கடையோடு பொதுவாக உள்ள சுவரை ஒட்டி இருக்கிறது. முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்? "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்பது சட்டப்படி நிற்குமா?

டக்ட்_வேலை:

நீங்க எதையும் மாத்தல, அது உண்மை. அவங்களுக்கு வாடை வருது, அதுவும் உண்மை. மாறினது காத்து போற வழி. எதிர்ல இரண்டு மாடி இருந்தப்ப உங்க குழாய் வாய்க்கு முன்னாடி திறந்த வெளி. புகை ஏறிக் கலைஞ்சு போயிடும். இப்ப அங்க எட்டு மாடிச் சுவர் நிக்குது. காத்து அந்தச் சுவர்ல மோதிக் கீழ சுழலும், சந்துக்குள்ளயே புகை சுத்தும். மூணாவது, நாலாவது மாடி ஜன்னல் உங்க குழாய் வாய்க்கு நேரா இருக்கும், புகார் பெரும்பாலும் அங்கேர்ந்துதான் வந்திருக்கும். கேட்டுப் பாருங்க.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி, என்ன வாடைன்னு பிரிச்சுக்கணும். காலை 10, 11 மணிக்கு மட்டும் தொண்டையைப் பிடிக்குற நெடின்னா அது வறுவல். கடை மூடின பிறகும் சிக்குப் பிடிச்ச பழைய எண்ணெய் வாடை வந்தா குழாய்க்குள்ள கொழுப்பு படிஞ்சு கிடக்கு. அழுகின முட்டை வாடைன்னா சமையலே காரணமில்ல, கிரீஸ் டிராப், அதாவது கழிவுத் தண்ணியில வர்ற கொழுப்பைத் தடுத்து நிறுத்துற தொட்டி. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. எல்லாத்தையும் 'கறி வாடை'ன்னு எழுதிக் கொடுக்கறவங்களுக்கு இது தெரியாது, அதனால நீங்கதான் விசாரிச்சுப் பிரிக்கணும்.

முதல்ல அந்த மழை மூடியைக் கழட்டுங்க. குடை மாதிரி மேல கவிழ்ந்து நிக்கிற மூடி, மேல போகவேண்டிய புகையைப் பக்கவாட்டுலயும் கீழயும் திருப்பிவிடுது. அதுக்குப் பதிலா, குழாயைவிடக் கொஞ்சம் அகலமான உறை ஒண்ணை இடைவெளி விட்டு மேல மாட்டுவாங்க. மழைத்தண்ணி அந்த இடைவெளியில வழிஞ்சுடும், புகை நேரா மேல போகும். வாய்ல வேகம் விநாடிக்கு 10 மீட்டராவது இருக்கணும். இந்த ஒரு மாத்தமே பல இடத்துல பாதிப் புகாரை நிறுத்தும், செலவும் கம்மி. குழாயையே உயர்த்தணும்னா, லிட்டில் இந்தியா 1989லேயே மரபுக் கட்டடப் பாதுகாப்பு வட்டாரமா அறிவிக்கப்பட்ட இடம். நகர மறுசீரமைப்பு ஆணைய நெறிமுறையைப் பார்க்காம, கட்டட உரிமையாளர் எழுத்துல சம்மதம் தராம ஒரு ஆணிகூட அடிக்காதீங்க.

அடுத்து குழாய் சுத்தம். பொரியல், வறுவல் அதிகம் உள்ள கடைக்கு ஆண்டுக்கு ஒரு தடவை போதாது, மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை வேணும். சுத்தம் செய்றவங்க ஹூட் பக்கத்தையும் விசிறிப் பக்கத்தையும் மட்டும் துடைச்சுட்டுப் போயிடுவாங்க. வளைவுகள்லதான் கொழுப்பு தேங்கும். வளைவுக்கு வளைவு திறப்புக் கதவு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வெட்டி வைக்கச் சொல்லுங்க. வேலைக்கு முன்னும் பின்னும் உள்ளே எடுத்த படம் வாங்கிட்டுத்தான் பணம் கொடுக்கணும். வாடையைவிடப் பெரிய விஷயம், அந்தக் கொழுப்புதான் தீ பிடிக்கும்.

இப்ப ஈஎஸ்பி. எண்ணெய்த் துளி, புகைத் துகள் இதையெல்லாம் பிடிக்கும். வாயுவா இருக்கற வாடையைப் பிடிக்காது. இது புரியாம ஈஎஸ்பி மட்டும் மாட்டிட்டு 'வாடை போகல'ன்னு திட்டறவங்க நிறைய. வாடைக்குக் கரி வடிகட்டி வேணும், அதுவும் ஈஎஸ்பிக்குப் பின்னாடிதான். முன்னாடி வச்சா எண்ணெய் படிஞ்சு ரெண்டு வாரத்துல செத்துப்போகும். காத்து 40 டிகிரியைத் தாண்டினாலும், சோறு வடிக்கிற ஆவி ஏறினாலும் கரி சரியா வேலை செய்யாது. ஏற்கனவே பிடிச்சு வச்ச வாடையைக்கூட வெளியே விட்டுடும். அதனால ஆவி அடுப்புக்கும் பொரிக்கற அடுப்புக்கும் தனித்தனிக் குழாய் இருந்தா நல்லது. ஈஎஸ்பி தட்டை வாரம் ஒரு தடவை கழுவி, முழுசா காய்ஞ்ச பிறகு மாட்டணும். ஈரத்தோட மாட்டினா படபடன்னு பொறி அடிச்சு டிரிப் ஆகும். உள்ள ஒரு கம்பி அறுந்து தட்டைத் தொட்டாலும் அந்தப் பெட்டி மொத்தமா நின்னுடும், அதையும் பார்த்துக்குங்க.

மிளகாய் நெடிக்கு இதெல்லாம்கூட முழுசா உதவாது. வாணலியில மிளகாய் கருகற நேரம்தான் நெடி கிளம்பும். 90, 100 டிகிரி ஓவன்ல மொறுமொறுன்னு காயவச்சு அரைச்சா நெடி ரொம்பக் குறையும். வாசனைக்கு மல்லி, சீரகத்தை மட்டும் வாணலியில வறுங்க. மொத்தமா மசாலா அரைக்கறதா இருந்தா மில்லுக்கே கொடுத்துடுங்க.

அதிர்வு_அளவு:

சத்தத்துக்கு வருகிறேன். விடியற்காலை 4 மணி என்றால் கிரைண்டர்தான், புகையை வெளியேற்றும் விசிறி இல்லை. கடைவீட்டில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கிரைண்டரின் அதிர்வு தரை வழியாகச் சுவரில் ஏறி, பக்கத்துக் கட்டட அறையில் தாழ்ந்த ரீங்காரமாக வெளிவரும். ஜன்னலை மூடினால் வெளிச் சத்தம் குறைந்து இது இன்னும் தெளிவாகக் கேட்கும். தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இரட்டைக் கண்ணாடி அவ்வளவாக உதவாது. சந்துக்கு அந்தப் பக்கம் கேட்கிறது என்றால் காற்று வழியாகவும் போகிறது, பின்கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிரைண்டரைச் சுவரிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளுங்கள். கால்களுக்கு அடியில் சாதாரண ரப்பர் பாய் போட்டால் எடைக்கு நசுங்கி ஒன்றுக்கும் உதவாது. இயந்திரத்தின் எடைக்கு ஏற்ற அதிர்வுத் தாங்கிகளை நான்கு காலுக்கும் வாங்குங்கள், தரையோடு திருகி இறுக்க வேண்டாம். உருளைக் கல்லின் அச்சுப் புஷ் தேய்ந்திருந்தால் கல் ஆடி ஆடி அரைக்கும். கரகர என்பது பெரும்பாலும் அதுதான். நிறுத்திவிட்டுக் கல்லைக் கையால் அசைத்தால் தெரிந்துவிடும்.

அதைவிட நல்லது நேரத்தை மாற்றுவது. இட்லி மாவை இரவு 8 மணிக்குள் அரைத்து முடித்தால், நம் ஊர் வெக்கைக்கு 7, 8 மணி நேரத்தில், அதாவது 4 மணிவாக்கில், பொங்கி நிற்கும். 4 மணிக்கு அரைக்கிறீர்கள் என்றால் அநேகமாக வடை மாவாக இருக்கும், அது புளிக்கக் கூடாது என்பதால். அதற்கும் வழி உண்டு. உளுந்தை இரவே கெட்டியாக அரைத்து, உப்புப் போடாமல் 4 டிகிரி குளிர்பெட்டியில் வையுங்கள். உப்புச் சேர்ந்தால் மாவு நீர்த்துவிடும், வடை எண்ணெய் குடிக்கும். காலையில் உப்புப் போட்டுக் கையால் அடித்தால் காற்று ஏறி மறுபடி எழும்பும். மாவு ஒரு துளி தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

விசிறியையும் விட்டுவிடாதீர்கள். இறக்கைகளில் ஒரு பக்கம் மட்டும் கொழுப்பு படிந்தால் சமநிலை கெட்டு அதிரும். காலையில் போட்டவுடன் கீச்சிட்டுப் பிறகு அடங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. விசிறிக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள கான்வாஸ் இணைப்பு எண்ணெய் குடித்துக் கல்லாக இறுகியிருந்தால் அதிர்வு முழுக்கக் குழாயில் இறங்கும், மாற்றிவிடுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் விசிறியை 20 விழுக்காடு மெதுவாக்கினால் சத்தம் 5 டெசிபெல் அளவு இறங்கும், மின்சாரமும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் குழாய் வாயில் வேகமும் அதே அளவு குறையும் என்பதால், பொரியல் நேரத்தில் அதைச் செய்யாதீர்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல்: தொழிற்சாலைகளுக்கான எல்லை இரைச்சல் விதியில், பாதிக்கப்படும் இடம் குடியிருப்பாக இருந்தால் பகல் 65, மாலை 7 மணிக்கு மேல் 60, இரவு 11 முதல் காலை 7 வரை 55 டெசிபெல். சாப்பாட்டுக் கடைக்கு அது நேரடியாகப் பொருந்தாது. காற்றோட்டச் சாதனங்களுக்குத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் வழிகாட்டி தனியாக இருக்கிறது.

வழக்கு_வாசிப்பு:

'முதலில் வந்தவர்' என்ற வாதம் தனியாக நிற்காது. இங்கிலாந்துப் பொதுச்சட்டம் வழி வந்த நம் நீதிமன்ற மரபில் இதற்குப் பழைய வழக்கு உண்டு: 1879, ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன். ஒரு மிட்டாய்க்காரர் தம் அடுக்களையில் 20 ஆண்டுக்கு மேலாகப் பெரிய உரல்களில் இடித்துவந்தார். பக்கத்து மருத்துவர் பிறகுதான் தம் தோட்டத்தின் கோடியில், அந்த அடுக்களையை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார். சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டு வென்றார். அறை கட்டும்வரை வழக்குக்கே இடமில்லை, ஆகவே நீண்ட காலப் பழக்கத்தால் உரிமை கோர அந்த 20 ஆண்டுகள் கணக்கில் வராது என்பது நீதிமன்றத்தின் விடை. உங்கள் கிரைண்டருக்கு இது கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: எது தொல்லை என்பது வட்டாரத்தைப் பொறுத்தது. உணவுக்கடைகள் நிறைந்த தெருவில் மதிய நேர மசாலா மணம் வேறு, அமைதியான தனிவீட்டுத் தெருவில் வேறு. 2014இல் கவன்ட்ரி எதிர் லாரன்ஸ் வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இதைப் பெரிதாக ஆராய்ந்தது. 1970களிலிருந்து இயங்கிய மோட்டார் பந்தயத் திடலின் அருகே 2006இல் வீடு வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பின்னால் வந்தார்கள் என்பதற்காக அவர்கள் தோற்க வேண்டியதில்லை என்றார்கள் நீதிபதிகள். கூடவே, வழக்குப் போடுபவர் தம் நிலத்தில் புதிதாகக் கட்டியதாலோ பயன்பாட்டை மாற்றியதாலோதான் தொல்லை எழுந்தது என்றால், எதிர்த்தரப்புக்கு வாதம் கிடைக்கலாம் என்றும் சொன்னார்கள். உங்கள் எதிர்ப்புறம் கட்டடமே புதிது, ஆகவே இது உங்களுக்குச் சாதகமான புள்ளி. அந்தத் தீர்ப்பு சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது, மேற்கோளாகப் பயன்படும்.

பிரான்ஸ் வேறு வழியில் போயிருக்கிறது. கிராமத்துச் சத்தத்தையும் மணத்தையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டம் 2021இல் வந்தது. பிறகு 2024 ஏப்ரலில், முன்பே இருந்த தொழிலைச் சில நிபந்தனைகளோடு பாதுகாக்கும் விதியைக் குடிமைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இங்கே அப்படி ஒன்றை நம்பி உட்கார முடியாது. சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் தொல்லையை நீக்கச் சொல்லும் ஆணை வரலாம். அப்போது, என்னென்ன செய்தீர்கள் என்பதற்கான பதிவேடுதான் பேசும்.

அதற்கு முன் சமூக சமரச நிலையம் இருக்கிறது. அங்கே பேசியது நீதிமன்றத்தில் சாட்சியாகாது, நடுவர் தீர்ப்புச் சொல்லவும் மாட்டார். 2011இல் ஊரே பேசிய கறி விவகாரம் நினைவிருக்கும். பக்கத்து வீட்டாரின் புகாரால், இதே நிலையத்தில் பேசி, வீட்டில் கறி சமைக்கும் நேரத்தை ஒரு குடும்பம் மாற்றிக்கொண்ட செய்தி வெளியானதும், அந்தக் குடும்பத்துக்கு ஆதரவாக ஆகஸ்ட் 21ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் வீடுகளில் கறி சமைத்தார்கள். அந்த ஏற்பாட்டை யாரும் விதிக்கவில்லை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டதுதான். ஆகவே 'மதியம் பொரிக்க மாட்டோம்' போல உங்கள் அடுக்களையால் தாங்க முடியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைவீடு_பின்சந்து:

மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன்: எண்ணெய் வாடை மூன்றாவது, நான்காவது மாடியில்தான். 4 மணிக்கு அரைப்பது வடை மாவுதான், அந்த நேரம் பின்கதவும் திறந்திருக்கும். நிர்வாகக் குழுவின் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

நான்காவது_மாடி:

வேறொரு வட்டாரத்தில், குடியிருப்பு நிர்வாகக் குழு வேலையில் இருப்பவரின் பதில் இது. கடிதத்துக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள், ஆனால் "30 ஆண்டாக இருக்கிறோம்" என்று தொடங்காதீர்கள். அதைப் படித்தவுடன் கூட்டத்தில் இருக்கும் பாதிப் பேருக்கு மனம் மூடிவிடும், ஆதரவாக இருந்தவர்களுக்கும் சேர்த்து. பதிவேடு கேளுங்கள்: தேதி, நேரம், மாடி, எந்தப் பக்கத்து அறை, மூன்று வாடையில் எது. 40 புகார் என்பார்கள், பிரித்துப் பார்த்தால் நான்கு வீடுகளாக இருக்கும். அந்த நான்கு வீட்டுக்கும் பாதிப்பு உண்மைதான், ஆனால் தீர்வின் அளவு மாறுகிறது.

பதிவேட்டைக் காற்றோடு சேர்த்துப் பாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. சந்து எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு பருவத்தில் புகார் குவியும், மறு பருவத்தில் நின்றுவிடும். நின்ற பருவத்தில் வேலை செய்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று யாரும் நம்பிவிடக் கூடாது. அடுத்த பருவம் வரை பதிவேடு ஓட வேண்டும்.

அவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். அவர்கள் கட்டடத்தின் வெளிக்காற்றை உள்ளிழுக்கும் வாய் எங்கே இருக்கிறது? சந்துப் பக்கம் இருந்தால் உங்கள் புகை மாடிப்படி, லிப்ட் முகப்பு எல்லாவற்றுக்கும் போகும். அதைத் திருப்ப வேண்டியது கட்டியவரின் வேலை. பழுதுப் பொறுப்புக் காலம் (குறைகளைக் கட்டியவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) முடிவதற்குள் நிர்வாகக் குழு அதைக் கேட்டாக வேண்டும், பிறகு அந்தச் செலவு குடியிருப்பவர்கள் தலையில்தான் விழும். பல குழுக்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

கடிதத்தில் மூன்று தேதி எழுதினால் போதும்: மழை மூடி மாற்றும் நாள், குழாய் சுத்தம் செய்யும் நாள், வடை மாவு இரவு நேரத்துக்கு மாறும் நாள். ஈஎஸ்பி, கரி வடிகட்டி பற்றி இப்போது உறுதி கொடுக்காதீர்கள். முதல் மூன்றுக்குப் பிறகு மீதி என்ன இருக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம். அரிசி, எரிவாயு இறக்கும் லோரி வரும் நேரத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள், அடுத்த புகார் அதைப் பற்றித்தான் வரும். இறக்கும் சத்தம் குறைய, கதவுத் தண்டவாளத்துக்குக் கிரீஸ், தள்ளுவண்டிக்கு ரப்பர் சக்கரம். கேஸ் சிலிண்டரை உருட்டாமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.