"எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களின் நாளிதழ்": இந்தச் சொல்லை ஏற்க முடியாது

விளாத்திகுளம் முத்தையா – காலை 6.40

அன்றாடம் எதைப் படிக்கிறீர்கள், எதைக் கேட்கிறீர்கள் என்று நேற்று ஒருவர் கேட்டதற்குப் பதில் சொன்ன நெல்லை வாசகன் ஐயா, தாம் தினமணியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சொன்னதோடு நிற்கவில்லை. தினத்தந்தி 'எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களின் நாளிதழ்' என்றும், அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்றும் எழுதியிருக்கிறார். இரவெல்லாம் எனக்கு உறக்கம் வரவில்லை.

என் தகப்பனார் கரிமூட்டம் போடும் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். விடிகாலையில் தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து, நாளிதழில் தமக்குக் கிடைத்த ஒரு தாளை மடியில் விரித்து, சுட்டுவிரலை எழுத்தின் கீழே வைத்து நகர்த்துவார். விரல் போன வழியெல்லாம் கரிக்கோடு விழும். கடைக்காரர் சத்தம் போட்டால் வேட்டி நுனியில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்குவார். தினத்தந்தியில் வரும் கன்னித்தீவுப் படக்கதையைப் பார்த்துப் பார்த்தே 'சிந்துபாத்' என்ற சொல்லைத் தம் கையெழுத்துக்கு முன்பே கற்றுக்கொண்டவர் அவர். ஐயா அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.

நெல்லை வாசகன் – காலை 8.15

ஐயா, உங்கள் தகப்பனாரை நான் அறியேன். அவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு நாளிதழைப் பற்றிச் சொன்னேன், அதில் உறுதியாக நிற்கிறேன்.

தினமணி 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியின் நினைவு நாளில் தொடங்கப்பட்டது. டி. எஸ். சொக்கலிங்கம் முதல் ஆசிரியர். அவருக்குப் பின் வந்த ஏ. என். சிவராமன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்து, 'கணக்கன்' என்ற பெயரில் பொருளாதாரத்தை ஆங்கிலம் அறியாத தமிழனுக்கும் விளங்கும்படி எழுதினார். பின்னர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனும் அங்கே ஆசிரியராக இருந்தார். வாசகனைக் கைப்பிடித்து ஒரு படி மேலே ஏற்றிய இதழ் அது. எழுத்துக் கூட்டுபவன் என்றைக்கும் எழுத்துக் கூட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று 'சதக் சதக்' எனக் கத்தியால் குத்தியதைத் தினத்தந்தி போல எழுதுவதா இதழியல்?

விளாத்திகுளம் முத்தையா – காலை 8.50

பாருங்கள், மறுபடியும் அதே சொல்!

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். அதற்கும் ஒன்பது ஆண்டுகள் முன்பாக, 1942இல், லண்டனில் சட்டம் படித்த சி. பா. ஆதித்தனார் இன்றைய தினத்தந்தியான 'தந்தி'யை மதுரையில் தொடங்கினார். அந்தப் பதினெட்டுப் பேருக்குள் போட்டி போடாமல், மிச்சமிருந்த எண்பத்திரண்டு பேரைப் பார்த்து இதழ் நடத்தியவர் அவர். சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, பேச்சில் உள்ள சொல். கணக்கன் எழுதியதைப் படிக்க வேண்டுமானால் முதலில் 'க' தெரிய வேண்டாமா? அந்தக் 'க'வை என் தகப்பனாருக்குக் காட்டிக் கொடுத்தது எது?

கோவை இளங்கோ – காலை 9.30

பெரியவர்கள் இருவரும் மன்னிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நாளிதழை விரித்துப் படிப்பவர் ஒருவரும் இல்லை. கைப்பேசியில் யூடியூபைத் திறந்தால் சட்டமன்றத்தில் நடந்தது அடுத்த பத்து நிமிடங்களில் வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அச்சில் வருவது பழைய செய்தி. எழுத்துக் கூட்டுவதும் வேண்டாம், கூட்டாமல் படிப்பதும் வேண்டாம்.

நெல்லை வாசகன் – காலை 9.52

தம்பி, பத்து நிமிடத்தில் வருவதைச் சரிபார்த்தவர் யார்? அதையும் சொல்லிவிட்டுப் பெருமைப்படுங்கள்.

விளாத்திகுளம் முத்தையா – காலை 10.05

இந்த ஒன்றில் நெல்லைக்காரர் கேட்பது சரியான கேள்வி. சென்ற மழைக்காலத்தில் ஒரு காணொளிக்காரர் நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று பெரிய எழுத்தில் போட்டார். அதை நம்பி என் பேரனை வீட்டில் நிறுத்தினோம். பள்ளி வழக்கம்போல நடந்தது. அவனுக்கு அன்றைய தேர்வு போயிற்று. காணொளியை நீக்கினாரே தவிர, தவறு என்று ஒரு வரி எழுதவில்லை. அச்சில் வந்த தவறென்றால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

அதற்காக நெல்லைக்காரர் பக்கம் நான் சாய்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தச் சொல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

வெள்ளவத்தை ரஞ்சினி – காலை 11.20

நீங்கள் எல்லோரும் தாளைப் பற்றியே கதைக்கிறீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிற அண்ணாவுக்குக் கை தளர்ந்தால் வாசிப்பவரின் குரலும் தளரும். "சுத்தடா, சுத்தடா" என்று பக்கத்து வீட்டு ஐயா கத்துவார். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவையை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் அம்மம்மாவுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. எந்த ஊரில் குண்டு விழுந்தது என்பதை எங்களுக்கு விளங்கப்படுத்தியவர் அவர்தான். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள், நெல்லை வாசகன் ஐயா?

நெல்லை வாசகன் – பகல் 12.10

அம்மா, தமிழோசையை நானும் கேட்டவன். அதன் தமிழ் தெளிவாக இருந்தது, நிதானமாக இருந்தது. 'சதக்' என்ற சொல்லை நான் அங்கே கேட்டதில்லை. எழுத்தறியாத உங்கள் அம்மம்மாவுக்கும் அந்தத் தமிழ் விளங்கியதல்லவா? அப்படியானால் எளியவர்களுக்காக மொழியை இறக்க வேண்டியதில்லை என்ற என் கருத்துக்கு நீங்களே சான்று தந்துவிட்டீர்கள்.

வெள்ளவத்தை ரஞ்சினி – பகல் 12.25

நான் உங்களுக்குச் சான்று தர வரவில்லை. அம்மம்மாவின் பெயரால் நீங்கள் வெல்ல வேண்டாம்.

விளாத்திகுளம் முத்தையா – பகல் 12.40

'இறக்க' என்கிறார், கவனித்தீர்களா? மேலே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அந்தச் சொல் வரும். போன மாதம் இதே இடத்தில் நான் எழுதிய பதிவில் ஏழு ஒற்றுப்பிழைகளை எண்ணிக் காட்டியவரும் இவர்தான். மழை இல்லாமல் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் வறண்டு கிடப்பதைப் பற்றி நான் எழுதியிருந்தேன். கண்மாயைப் பற்றி ஒரு வரி இல்லை, ஒற்றுக்கு ஏழு வரி எழுதினார். இன்றைக்கு எழுத்துக் கூட்டுபவனை ஏசுவதும் அதே மனந்தான்.

நெல்லை வாசகன் – பகல் 1.05

எட்டுப் பிழைகள். ஒன்றை மரியாதை கருதி விட்டேன்.

கோவை இளங்கோ – பகல் 1.30

நெல்லை வாசகன் ஐயா, நீங்களும் ஒரு பிழை செய்திருக்கிறீர்கள். பாரதியார் இறந்தது நள்ளிரவுக்குப் பிறகு. ஆகவே நினைவு நாள் செப்டம்பர் 12. உங்கள் நாளிதழ் ஒரு நாள் முந்தித் தொடங்கிவிட்டது.

நெல்லை வாசகன் – பகல் 1.44

தம்பி, 11ஆம் தேதியை நினைவு நாளாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். தமிழ்நாடு அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்ததும் செப்டம்பர் 11ஐத்தான். யூடியூபில் பார்த்ததை இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டாம்.

கோவை இளங்கோ – பகல் 1.50

வழக்கம் வேறு, இறந்த நேரம் வேறு. நான் நேரத்தைச் சொல்கிறேன்.

விளாத்திகுளம் முத்தையா – பிற்பகல் 2.20

தேதிச் சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரே கேள்வி: அந்தச் சொல்லை அவர் திரும்பப் பெறுவாரா, மாட்டாரா?

என் தகப்பனார் கடைசிவரை எழுத்துக் கூட்டியே படித்தார். கண் மங்கிய பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் வேகமாகப் படித்தால் தடுத்து, "கூட்டிப் படி, எனக்கும் விளங்கணும்" என்பார். நானும் விரலை வைத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் வீட்டில் அது இழிவாக இருந்ததில்லை.

நெல்லை வாசகன் – பிற்பகல் 3.00

திரும்பப் பெற மாட்டேன். 'சதக்'கைப் பற்றிக் காலையில் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

விளாத்திகுளம் முத்தையா – பிற்பகல் 3.04

நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன். முதலில் என் கேள்விக்குப் பதில் வரட்டும்.

கோவை இளங்கோ – பிற்பகல் 3.10

செப்டம்பர் 12.