நீச்சல் குளத்தில் எண்ணெய்ப் படலமும் கண் எரிச்சலும்: என்சைம் ஊற்றினால் குளோரினைக் குறைக்கலாமா?

கேட்பவர்: பென்னாகரம் விடுதி

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் உள்ள ஒரு சிறிய விடுதியின் நீச்சல் குளத்தை நான் பராமரித்து வருகிறேன். குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் கொண்டது. ஏறத்தாழ 86,000 லிட்டர் நீர் பிடிக்கும். போர்வெல் தண்ணீர்தான். மணல் வடிகட்டி உண்டு. கிருமி நீக்கத்துக்குப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறோம்.

அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளும் விருந்தினர்கள், உடம்பில் எண்ணெய் முழுவதும் போகாமலேயே வந்து குளத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஞாயிறு மாலைக்குள் நீர்மட்டத்தை ஒட்டிய டைல்ஸ் முழுவதும் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பான பிசுக்கு படிந்துவிடுகிறது. நகத்தால் சுரண்டினால் கறுப்பாக உருண்டு வருகிறது. திங்கள் காலையில் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கி, அடியில் உள்ள வடிகால் மூடியே தெரிவதில்லை. குளோரின் நெடி மூக்கைத் துளைக்கிறது, குழந்தைகளுக்குக் கண் சிவக்கிறது. சோதனைக் குப்பியில் மஞ்சள் சொட்டு மருந்தை விட்டால் நல்ல மஞ்சள் நிறம் வருவதால், குளோரின் போதுமான அளவு இருப்பதாகவே தெரிகிறது.

மருந்து விற்பவர் ஒருவர், வாரம் ஒருமுறை என்சைம் ஊற்றினால் குளோரினைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்கிறார். வேறொருவர், எலுமிச்சைத் தோலும் வெல்லமும் ஊறவைத்துத் தயாரிக்கும் பயோ என்சைமே போதும் என்கிறார். எதை நம்பிச் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓசூர் குளப் பராமரிப்பு

ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடியில் உள்ள வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாத நாளில் குளத்தைப் பூட்டிவிடுங்கள். மூழ்கும் குழந்தை மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மஞ்சள் சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். அதில் கிருமியைக் கொல்லத் தயாராக உள்ள தனிக் குளோரின் எவ்வளவு, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைனாக மாறிய கூட்டுக் குளோரின் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. நீங்கள் குறிப்பிடும் நெடியும் கண் எரிச்சலும் பெரும்பாலும் இந்தக் குளோரமைனால் வருபவை. அதாவது, நெடி அதிகமாக இருப்பது குளோரின் மிகுந்துவிட்டதன் அடையாளமல்ல, தனிக் குளோரின் போதாமல் இருப்பதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். இந்த நிலையில் குளோரினைப் பாதியாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

டிபிடி மாத்திரைச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். 1ஆம் எண் மாத்திரை தனிக் குளோரினையும், அதே குப்பியில் 3ஆம் எண் மாத்திரையைச் சேர்த்தால் மொத்தக் குளோரினையும் இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியால் காட்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் பார்த்து இங்கே எழுதுங்கள்.

பதில்: வேதியியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி

நண்பரே, நொதி, அதாவது என்சைம், செய்யும் வேலை எது, செய்யாத வேலை எது என்று தெரிந்துகொண்டால் விற்பவர் சொல்வதை நீங்களே எடை போட்டுவிடலாம். நொதி ஒரு புரதம். அது உயிரற்ற கரிமப் பொருள்களைச் சிறு துண்டுகளாக உடைக்கும் வினையை விரைவுபடுத்துகிறது. லிப்பேஸ் என்ற நொதி தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் பிரிக்கிறது. புரோட்டியேஸ் தோலிலிருந்து உதிரும் புரதத்தை உடைக்கிறது. டைல்ஸ் ஓரத்துப் பிசுக்கும், வடிகட்டி மணலைக் கட்டியாக்கும் கொழுப்பும் குறைவது இதனால்தான். எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்வதிலேயே செலவாகிவிடும் குளோரினில் ஒரு பகுதியும் மிஞ்சும்.

ஆனால் நொதி எந்தக் கிருமியையும் கொல்லாது, பாசியையும் அழிக்காது. வயிற்றுப்போக்கு உள்ள ஒருவர் குளத்தில் இறங்கினால் அடுத்தவரைக் காப்பாற்றுவது தனிக் குளோரின் மட்டுமே. ஆகவே, நொதி ஊற்றுவதால் நாள்தோறும் ஊற்ற வேண்டிய குளோரினின் அளவு சற்றுக் குறையலாமே தவிர, தண்ணீரில் எந்நேரமும் நிற்க வேண்டிய அளவைக் குறைக்க ஒருபோதும் இடமில்லை.

வீட்டில் தயாரிக்கும் பயோ என்சைமைத் தயவுசெய்து குளத்தில் ஊற்றாதீர்கள். ஒரு பங்கு வெல்லம், 3 பங்கு தோல், 10 பங்கு தண்ணீர் என்று மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் அந்த நீர் தரை துடைக்கப் பயன்படலாம். குளத்தைப் பொறுத்தவரை அது அமிலமும் சர்க்கரை மிச்சமும் ஈஸ்டும் கலந்த கரிமச் சுமைதான். உள்ள குளோரினையும் அதுவே தின்றுவிடும்.

கேட்பவர்: பென்னாகரம் விடுதி

இருவருக்கும் மிக்க நன்றி. குளத்தைப் பூட்டிவிட்டேன். டிபிடி சோதனையில் தனிக் குளோரின் 0.4 பிபிஎம் (லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்), மொத்தக் குளோரின் 1.6 பிபிஎம், பிஎச் 8.0 என்று வந்துள்ளது. இப்போது என்சைமை ஊற்றலாமா?

பதில்: ஓசூர் குளப் பராமரிப்பு

இப்போது வேண்டாம். உங்கள் கூட்டுக் குளோரின் 1.2 பிபிஎம்; 0.4ஐத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். முதலில் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 7.2க்கும் 7.4க்கும் இடையே இறக்குங்கள். பிஎச் 8.0இல் தனிக் குளோரினில் கால்வாசிதான் வீரியமான வடிவில் இருக்கும், 7.5இல் அது பாதியாக உயரும். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் எக்காரணம் கொண்டும் கலக்க வேண்டாம், நச்சு வாயு கிளம்பும்.

பிறகு அதிரடிக் குளோரின், அதாவது குளோரமைனை அழிக்க ஒரே தடவையில் ஊற்றும் பெரிய அளவு. கூட்டுக் குளோரினைப் போல் 10 மடங்கு என்பது வழக்கமான கணக்கு. உங்கள் குளத்துக்கு 12 பிபிஎம், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான குளோரின். 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமாக ஊற்றினால் சுமார் 10 லிட்டர் ஆகும். பிளீச்சிங் பவுடரை விட்டுவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அதிலுள்ள கரையாத சுண்ணாம்பு மங்கலைக் கூட்டும், நம் பகுதிப் போர்வெல் நீரில் ஏற்கெனவே உள்ள கடினத்தன்மையையும் ஏற்றும். வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்தபின் ஊற்றி, இரவு முழுவதும் பம்பை ஓட விடுங்கள். காலையில் வடிகட்டியில் நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலைக் கழுவும் பேக்வாஷ் செய்யுங்கள்.

அதிக குளோரின், புரதமான நொதியையே சிதைத்துவிடும். ஆகவே தனிக் குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகு, புட்டியில் குறிப்பிட்டுள்ள தொடக்க அளவை பம்பு ஓடும்போது ஊற்றுங்கள். அதன்பின் வாராந்திர அளவை, கூட்டம் கலைந்த ஞாயிறு இரவில் ஊற்றினால் பிசுக்கு காய்ந்து இறுகுவதற்குள் வேலை நடக்கும். புட்டியைத் தகரக் கூரை போட்ட பம்பு அறையில் வைக்காதீர்கள். கோடை வெப்பம் நொதியின் வீரியத்தைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும்விட மலிவான வழி, குளத்து வாசலிலேயே ஷவரும் சீயக்காயும் வைத்து, குளித்த பிறகே உள்ளே விடுவதுதான்.

கேட்பவர்: பென்னாகரம் விடுதி

சொன்னபடியே செய்தேன். நெடி போய்விட்டது, கூட்டுக் குளோரின் 0.2க்கு இறங்கிவிட்டது, வடிகால் மூடியின் துளைகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. அதன்பின் ஊற்றிய என்சைமால் பழுப்புப் பிசுக்கு துணியால் துடைத்தாலே வந்துவிடுகிறது. ஆனால் அதற்கு அடியில் வெள்ளையாகச் சொரசொரப்பான ஒரு கோடு அப்படியே நிற்கிறது. என்சைமின் அளவைக் கூட்ட வேண்டுமா?

பதில்: வேதியியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி

கூட்ட வேண்டாம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெளியில் தெரியும் இடத்தில், அந்த வெள்ளைக் கோட்டின் மீது ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது எண்ணெய் அல்ல, கடின நீர் விட்டுச்சென்ற கால்சியம் கார்பனேட் படிவு. நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நீர்மட்டத்தைச் சற்று இறக்கிவிட்டு, வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்டிவைத்து, நைலான் பிரஷால் தேய்த்தெடுங்கள். பிஎச் அளவை 7.6க்கு மேல் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டால் அது மீண்டும் படிவது வெகுவாகக் குறையும்.