கிமுரா நோய்க் கையேடு: ‘பினைன்’ என்பதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.
நோயாளிகளுக்கான சிறு கையேடு ஒன்றை நாளை இரவுக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டும். கிமுரா நோய் பற்றியது. காதுக்குப் பின்னால், தாடையோரம், கழுத்தில் வலியில்லாமல் வீங்கும். பக்கத்தில் நெறி கட்டும். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணுக்களும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் புரதமும் ஏறியிருக்கும். லிம்போமாவோ (நிணநீர்ப் புற்றுநோய்) என்ற பயம் வரும். பயாப்சி (திசுப் பரிசோதனை) செய்தால்தான் உறுதியாகும். முடிவு வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் சொல் ‘பினைன்’ (benign), அதாவது புற்றுநோய் இல்லை என்பது. ‘தீங்கற்ற கட்டி’ என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.
— மொழிபெயர்ப்பவர்

*

ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. இந்நோயில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் புரதம் வெளியேறும். அகற்றிய வீக்கம் திரும்ப வருவதும் உண்டு. ‘தீங்கற்ற’ என்று படித்தவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டால்? ‘புற்றல்லாத’ என்று போடுங்கள். எவருக்கும் புரியும்.
— மருத்துவர்

*

ஐயா, பயந்திருப்பவர் கண்ணில் அதிலுள்ள ‘புற்று’தான் முதலில் படும். ‘படராக் கட்டி’ என்கிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். படர் என்றால் துன்பமும்தான்: குறளில் ‘படர்மெலிந்திரங்கல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. படராதது, படர் தராதது என ஒரே சொல்லில் இரண்டு ஆறுதல். ‘பரவாக் கட்டி’யை நானே விலக்கினேன், ‘பரவாயில்லை’ நினைவுக்கு வரும். அந்தப் ‘பர்வா’ பாரசீக வரவு, பரவுதலோடு அதற்கு உறவே இல்லை.
— தமிழாசிரியர்

*

அம்மா, எனக்குத் தயக்கம் ‘கட்டி’யில். பலருக்கு அது சீழ்க்கட்டி, இல்லையென்றால் புற்றுக்கட்டி. இதுவோ அழற்சி. ‘வீக்கம்’ போதும். அப்புறம், ஈசினோபிலை ஏன் அப்படியே விட்டோம்? இயோஸ் கிரேக்கத்தில் விடியல். இயோசின் என்ற செஞ்சாயத்தை ஏற்பதால் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக் 1879-ல் வைத்த பெயர் அது. ‘வைகறைநாடி’ என்றால் எவ்வளவு அழகு!
— மாணவர்

*

அழகுதான், தம்பி. ஆனால் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈசினோபில் என்றுதான் அச்சாகியிருக்கும். நோயாளி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும். ‘நாடி’ என்றதும் கை மணிக்கட்டுக்குப் போகும். அம்மாவுக்கு: ‘படர் தராதது’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. சிறுநீரகம் கெட்டவர்களைப் பார்க்கிறேன்.
— மருத்துவர்

*

சரி, நேரமில்லை. மருத்துவர் சொன்னதையும் மாணவர் சொன்னதையும் சேர்த்து ‘புற்றல்லாத வீக்கம்’ என்றே வைக்கிறேன். முதல் பக்கத்தில் மட்டும் முழு வாக்கியமாக எழுதுகிறேன்: “இது புற்றுநோய் அன்று, ஆனால் சிறுநீரையும் அவ்வப்போது சோதிக்க வேண்டிய அழற்சி வீக்கம்.” ஈசினோபில் அப்படியே இருக்கும்.
— மொழிபெயர்ப்பவர்

*

வாக்கியம் கலைச்சொல் ஆகாது. ‘கட்டி’யை விட்டுக்கொடுக்கிறேன், ‘படரா வீக்கம்’ என்பதை அடுத்த பதிப்புக்குக் குறித்து வையுங்கள். வகரம் வருவதால் இங்கே ஒற்று மிகாது.
— தமிழாசிரியர்