மறுமொழி: ரெகுலேட்டரி டி செல்லுக்கு ‘அடக்கு செல்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ரெகுலேட்டரி டி செல் என்பது உடம்பின் நோய் எதிர்வினை அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு வகை வெள்ளணு. அதைத் தமிழில் ‘அடக்கு செல்’ என்று சொல்லலாம் என்ற யோசனைக்கு என் பதில் இது. ‘அடக்கு செல்’ சின்னச் சொல், வாயில் நிற்கும். அதெல்லாம் சரி, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. 1970களில் ‘சப்ரஸர் டி செல்’, அதாவது அடக்கும் டி செல், என்று ஒன்றைப் பேசினார்கள். அடுத்த பத்தாண்டிலேயே அந்தக் கருத்து செல்வாக்கிழந்தது. நாம் பெயர் தேடுவது, 1995இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி, செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி25 என்ற அடையாளப் புரதத்தை வைத்துப் பிரித்துக் காட்டிய செல்களுக்கு. 2025 நோபல் பரிசும் இந்தத் துறைக்குத்தான் கிடைத்தது. பழையதன் பெயரை இதற்குச் சூட்டினால் மாணவர்கள் குழம்புவார்கள்.

அதைவிட முக்கியம், இந்தச் செல் செய்கிற வேலை. யானைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் விளவங்கோடு பக்கம் மந்துக்கால் என்பார்கள். புழு நிணநீர்க் குழாய்க்குள் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் குடியிருக்கும். அது ஈன்ற நுண்புழுக்கள் இரவில் ரத்தத்தில் ஓடும். இருந்தும் பலருக்குக் காய்ச்சல் கிடையாது, வீக்கம் கிடையாது. அவர்களுடைய ரத்தச் செல்களோடு புழுவின் புரதத்தைச் சேர்த்துப் பார்த்தால் டி செல்கள் மந்தமாகத்தான் பெருகும்; ஐஎல்-10 தூக்கலாக இருக்கும். இது எதிர்வினையை மட்டுப்படுத்தும் புரதம்; நாம் பெயர் தேடும் செல்களும் இதைச் சுரக்கும். அந்த ஐஎல்-10ஐத் தடுத்தால் எதிர்வினை ஓரளவு மீள்கிறது. கால் வீங்கியவரிடமோ நிலைமை தலைகீழ். பெரும்பாலும் ரத்தத்தில் நுண்புழு இருக்காது, ஆனால் அழற்சி ஓங்கி நிற்கும்.

ஆக, எதிர்வினை மட்டுப்படுவதால் புழுவும் பிழைக்கிறது, நோயாளியின் திசுவும் ஓரளவு தப்புகிறது. நாஞ்சில் நாட்டுக் குளத்தில் மிஞ்சிய தண்ணீர் மறுகால் வழியாகப் பாய்வதைப் போல: கரை உடையாது, குளமும் வற்றாது. ‘அடக்கு’ என்றால் இதில் பாதிகூட வராது.

‘ஒழுங்குபடுத்தும் டி செல்’ பிழையில்லை. எந்தப் பக்கம் ஒழுங்குபடுத்துகிறது என்றுதான் சொல்லாது. ‘கட்டுப்பாட்டுச் செல்’ ஆய்வுக் கட்டுரையில் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவோடு மோதும்.

என் முன்மொழிவு ‘தணிப்பு டி செல்’. கோபம் தணியும், காய்ச்சல் தணியும், தாகம் தணியும். பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவிலும் இதே வேலை செய்பவை உண்டு. அவற்றைத் ‘தணிப்பு பி செல்’ என்று சொல்லிவிடலாம். சிறுநீரக மாற்றுக்குப் பிறகு, புதிய உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்க மருந்து கொடுத்துச் செய்வதைத் ‘தடுப்பாற்றல் ஒடுக்கம்’ என்றே வைத்துக்கொள்வோம். இரண்டும் தனித்தனியாக நிற்கட்டும்.

பாடப்புத்தகத்துக்கு மட்டும் இதைக் கேட்கவில்லை. அல்பெண்டசோல் கொடுக்கும் நாளில், “பிள்ளைக்கு வயிறு ஒண்ணும் வலிக்கலியே, பூச்சி மாத்திரை எதுக்கு?” என்று கேட்கும் அம்மாவுக்கு, “உடம்பு தணிந்து போயிருக்கிறது, புழு போகவில்லை” என்று சொன்னால் புரியும். குலசேகரம் பக்கம் வெறுங்காலோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவரிடம் கொக்கிப்புழுவைப் பற்றிப் பேசவும் இந்தச் சொல் உதவும்.

அப்புறம் ஒன்று. எலியின் குடலில் வாழும் ஒரு புழு, எதிர்வினையைத் தணிக்க உடம்பே சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரந்து, சாதாரண டி செல்லையே தணிப்பு செல்லாக மாற்றிவிடுகிறது. அப்படிப்பட்ட புரதத்துக்குத் ‘தணிப்புத் தூண்டி’ சரிவருமா? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.